அமெரிக்கப் பிரெய்ரியில் (நடுப்பகுதியின் பரந்த புல்வெளிச் சமவெளியில்) குடியேறிய பெண்களின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருந்தது?

கேள்வி கேட்டவர் ஒரே மூச்சில் மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறார். பழைய ஆங்கிலத் தொடர்களில் தலையில் துணித்தொப்பி கட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு ரொட்டி சுடும் புல்வெளிப் பெண்கள் நிஜமா? அவர்களில் பலருக்குத் தனிமையில் புத்தி பேதலித்தது என்று எங்கோ படித்தாராம், அது நிஜமா? அரசாங்கம் 160 ஏக்கர் நிலத்தைச் சும்மா கொடுத்ததாமே, அது பெண்களுக்கும் கிடைத்ததா? மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அவர் கேட்க வருவது இதுதான் என்று படுகிறது: அங்கே போய்க் குடியேறியதில் அந்தப் பெண்ணுக்கு என்ன பங்கு? அது அவளும் சேர்ந்து கட்டிய வாழ்க்கையா, புருஷன் எடுத்த முடிவுக்குப் பின்னால் போனதுதானா?

நான் கல்லூரியில் பல ஆண்டுகள் அமெரிக்க வரலாற்றுத் தாள் நடத்தியவன். மகள் குடும்பம் நெப்ராஸ்காவில் இருப்பதால் அங்கே போய்வரும்போதெல்லாம் பழைய நிலக்கோப்புகளையும் குடியேறியவர்களின் கடிதங்களையும் தேடிப் படிப்பேன். அதனால் நான் சொல்லப்போவது நெப்ராஸ்கா, கான்சஸ், வடக்கு தெற்கு டகோட்டாக்கள் ஆகிய சமவெளிகளைப் பற்றியது. ஏறக்குறைய 1863 முதல் 1915 வரையிலான காலம். ஒரு எச்சரிக்கையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கையில் இருக்கும் கடிதங்களும் நினைவுக்குறிப்புகளும் எழுதத் தெரிந்தவர்களுடையவை. பெரும்பாலும் தாக்குப்பிடித்து நின்றவர்களுடையவை. இரண்டாவது வருடமே வண்டி கட்டிக்கொண்டு திரும்பிப் போனவள் உட்கார்ந்து எழுதி வைத்தது குறைவு. ஆகவே நாம் படிக்கும் படம் கொஞ்சம் தைரியசாலிகள் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முதலில் சட்டம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது. ஹோம்ஸ்டெட் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்டார். 1863 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் கேட்டுப் பதியலாம். குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது குடிமகனாக விருப்பம் தெரிவித்திருக்க வேண்டும். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்து, இரண்டு சாட்சிகளோடு நிரூபித்தால் நிலம் சொந்தம். கட்டணமெல்லாம் சேர்த்து 18 டாலர்தான். ஆனால் ஏர், மாடு, விதை, கிணறு, முதல் அறுவடை வரை சாப்பாடு என்று பல நூறு டாலர் இல்லாமல் யாரும் காலூன்ற முடியாது. இலவசம் என்ற சொல்லை இந்த இடத்தில் கொஞ்சம் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் சட்டம் ஒரு விதத்தில் தாராளம், இன்னொரு விதத்தில் படு கறார். கல்யாணம் ஆகாதவள், விதவை, விவாகரத்தானவள், புருஷன் விட்டுவிட்டுப் போனவள் ஆகியோர் தம் பெயரிலேயே நிலம் பதியலாம். அன்றைய உலகத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. பக்கத்தில் கனடாவில் 1872இல் இதேபோல ஒரு சட்டம் வந்தது. ஆனால் சில வருடங்களுக்குள்ளேயே அங்கே பிள்ளைகளை வைத்திருக்கும் விதவை போன்ற குடும்பத் தலைவிகளைத் தவிர மற்றப் பெண்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். சரி, அமெரிக்காவில் கல்யாணமானவளுக்கு? அவளுக்கு இல்லை. புருஷனோடு வாழ்கிற பெண் குடும்பத் தலைவி ஆகமாட்டாள் என்பதால் பத்திரம் அவன் பெயரில்தான் வரும். நிலம் பதிந்த பிறகு ஒரு பெண் கல்யாணம் செய்துகொண்டால் அவள் உரிமை என்னவாகும் என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. சில நிபந்தனைகளோடு, மணந்தாலும் உரிமை போகாது என்று 1900இல் தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.

இப்போது இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். பதிந்தவர் ஆறு மாதத்துக்கு மேல் நிலத்தை விட்டுப் போய்விட்டால் உரிமை பறிபோகும். ஆனால் முதல் சில வருடங்களில் நிலம் சோறு போடாது. அதனால் ஆண்கள் ரயில் பாதை போடும் வேலைக்கும், வேறு ஊர்களில் அறுவடைக் கூலிக்கும் மாதக்கணக்கில் போனார்கள். அந்த நாட்களில் குடியிருப்பு என்று சட்டம் கேட்டதை நிறைவேற்றியது யார்? குழந்தைகளோடு அந்த வீட்டில் அடுப்பெரித்துக்கொண்டு, மாட்டைப் பார்த்துக்கொண்டு, நிலத்தை யாரும் அபகரிக்காமல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவி. அவள் அங்கே இருந்ததுதான் சாட்சியம், அதைக் காட்டித்தான் நிலம் கிடைத்தது. பத்திரத்தில் மட்டும் அவள் பெயர் இருக்காது. புருஷன் இடையில் செத்துப்போனால் விதவை என்ற முறையில் மிச்ச வருடங்களை முடித்து நிலத்தைத் தன் பெயரில் வாங்கலாம். அப்படி வாங்கியவர்களும் கணிசமாக உண்டு.

தனியாகப் பதிந்த பெண்கள் எத்தனை பேர்? நாடு முழுக்க எண்ணிப் பார்த்த கணக்கு என்று ஒன்றும் கிடையாது. இருப்பவை வட்டார ஆய்வுகள். கொலராடோவின் லமார், வயோமிங்கின் டக்ளஸ் ஆகிய இரண்டு நில அலுவலகங்களின் பதிவேடுகளை வைத்து 1970களில் செய்த ஆய்வு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதன்படி பதிந்தவர்களில் சுமார் 12 சதவீதம் பெண்கள். இறுதிவரை நின்று பத்திரம் வாங்கியவர்கள் பெண்களில் 42 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம். இதைப் பார்த்ததும் பெண்கள் ஆண்களைவிட நல்ல விவசாயிகள் என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அப்படி முடிவுகட்ட முடியாது. ஆசிரியை வேலை பார்த்துக்கொண்டே ஒரு சின்னக் குடிசை போட்டு, ஆள் வைத்து உழுது, பத்திரம் கைக்கு வந்ததும் நிலத்தை விற்றுவிட்டுப் போன பெண்கள் நிறைய. ஐந்து வருடம் காத்திருக்காமல் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்ததும் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளவும் வழி இருந்தது. அவர்களுக்கு நிலம் ஒரு முதலீடு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆண்களும் அதைத்தான் செய்தார்கள். அயோவாவில் பிறந்த எலிசபெத் கோரி 1909இல் தெற்கு டகோட்டாவின் ஃபோர்ட் பியர் பக்கம் நிலம் பதிந்தார். பள்ளியில் பாடம் நடத்திய சம்பளத்தில் அதைக் காப்பாற்றினார். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் கடன் கணக்கும் கேலியும்தான் நிறைய, கண்ணீர் குறைவு.

இதே 1909இல் வயோமிங்கில் நிலம் பதிந்த எலினோர் ப்ரூயிட் ஸ்டூவர்ட்டின் கடிதங்கள் இன்னும் பிரபலம். பெண் தனியாக நிலம் எடுத்துப் பிழைக்கலாம் என்பதற்கு அவரைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அவர் பதிந்த சில நாட்களிலேயே பக்கத்து நிலத்துக்காரரை மணந்துகொண்டார். பின்னால் தன் உரிமையை மாமியார் பெயருக்கு விட்டுக்கொடுத்ததை நிலக்கோப்புகளிலிருந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கடிதங்கள் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. கணவனும் மனைவியும் தனித்தனியாக இரண்டு வீட்டில் குடியிருப்பதாகக் காட்ட முடியாது என்ற சட்டச் சிக்கல் அவரைச் சுற்றி வளைத்திருக்கிறது. நல்ல எழுத்தைப் படிக்கும்போது பக்கத்தில் நில அலுவலகக் கோப்பையும் திறந்து வைத்துக்கொள்வது உத்தமம்.

சரி, அன்றாடத்துக்கு வருவோம். வீடு. எல்லோரும் மண்வீட்டில் இருந்தார்கள் என்பது பாதி உண்மை. நெப்ராஸ்காவின் கிழக்கே ஆற்றோரங்களில் மரம் இருந்தது, அங்கே மரக்குடிசைகள். பியாட்ரிஸ் ஊருக்கு வெளியே இருக்கும் ஹோம்ஸ்டெட் தேசியப் பூங்காவில் 1867இல் கட்டிய மரவீடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். 14 அடிக்கு 16 அடி. ஒரு பெரிய குடும்பமே அதற்குள் வளர்ந்தது. உள்ளே நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தால் தூங்குகிற இடம் எது, சமைக்கிற இடம் எது என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை என்று புரியும். மேற்கே போகப் போக மரம் கிடையாது, கல்லும் கிடையாது. அங்கேதான் மண்கட்டி வீடு. புல்வேர் பின்னிக் கிடக்கும் தரையைத் தனி ஏர் வைத்து ஒரு அடி அகலம், நாலு அங்குலக் கனத்துக்குப் பட்டையாகப் பெயர்த்து, இரண்டு மூன்று அடி நீளத்துக்கு வெட்டி, புல் பக்கம் கீழே இருக்கும்படி செங்கல் அடுக்குவதுபோல அடுக்குவார்கள். 16க்கு 20 அடி வீட்டுக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் புல்தரை வேண்டும், எடை 90 டன் வரும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். இரண்டு மூன்றடி கனமான சுவர் என்பதால் கோடையில் குளுமை, குளிர்காலத்தில் கதகதப்பு. தீயும் எளிதில் பிடிக்காது.

குறை கூரையில் இருந்தது. வெளியே இரண்டு நாள் மழை பெய்தால் வீட்டுக்குள் மூன்று நாள் பெய்யும் என்று அங்கே கேலியாகச் சொல்வார்கள். கூரையிலிருந்து மண்ணும் புழுவும் எப்போதாவது பாம்பும் விழும். அதைத் தடுக்க மெல்லிய மஸ்லின் துணியை விதானம்போல உள்ளே இழுத்துக் கட்டினார்கள். மண் சேர்ந்ததும் அதைக் கழற்றி உதறித் துவைத்து மறுபடி கட்டுவது பெண்ணின் வேலை. சுவரில் சுண்ணாம்பு அடிப்பார்கள், அல்லது மாவுப்பசை தடவிப் பழைய செய்தித்தாள் ஒட்டுவார்கள். சுவரின் கனத்தால் ஜன்னல்படி ஆழமாக இருக்கும். அங்கே ஜெரேனியம் செடி வைத்த தகரடப்பாக்களைப் பல புகைப்படங்களில் பார்க்கலாம்.

புகைப்படம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் (மாவட்டத்தில்) சாலமன் புட்ச்சர் என்பவர் 1886 முதல் வண்டியில் கேமராவோடு சுற்றி மண்வீட்டுக் குடும்பங்களைப் படம் பிடித்தார். ஹில்டன் குடும்பத்தின் படத்தில் மண்வீடே இல்லை. முற்றத்தில், மாடுகளுக்கும் வண்டிக்கும் நடுவே, ஒரு பெரிய காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் நிற்கிறது. அதைச் சுற்றி நல்ல உடுப்போடு குடும்பம். கிழக்கே இருக்கும் சொந்தபந்தங்கள் தாங்கள் மண்வீட்டில் இருப்பதைப் பார்த்துவிடக்கூடாது, அதே சமயம் வீட்டில் ஆர்கன் இருப்பது தெரியவும் வேண்டும் என்று தாயும் மகளும் பிடிவாதமாக இருந்ததால் ஆர்கனை வெளியே இழுத்துப் போட்டுப் படம் எடுக்க வேண்டியதாயிற்று என்று புட்ச்சரே பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெண்களின் மனநிலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களைவிட இந்த ஒரு படம் எனக்கு அதிகம் சொல்கிறது. ஏழ்மையைவிட, ஊரில் என்ன நினைப்பார்கள் என்பது அவர்களை அதிகம் உறுத்தியிருக்கிறது. இன்னொரு படத்தில் கிறிஸ்மன் சகோதரிகள் நால்வர் மண்வீட்டு வாசலில் நிற்கிறார்கள். மூத்தவர்கள் வயது வந்ததும் ஆளுக்கொரு நிலம் பதிந்தார்கள். கடைக்குட்டிக்கு வயது வருவதற்குள் அந்தப் பக்கம் நிலம் தீர்ந்துபோயிருந்தது.

தண்ணீரும் எரிபொருளும்தான் நாளின் பெரும் பகுதியைத் தின்றன. மேட்டு நிலத்தில் கிணறு நூறடிக்குக் கீழேயும் போகும்; கையால் தோண்ட வேண்டும். கிணறு வரும்வரை மைல் கணக்கில் ஓடையிலிருந்து பீப்பாயில் தண்ணீர் இழுத்து வந்தார்கள். விறகு இல்லாததால் காட்டெருமைச் சாணம்தான் எரிபொருள். நம் ஊர் வறட்டிபோலத் தட்டிக் காயவைத்தது இல்லை. புல்வெளியில் கிடந்து தானாகக் காய்ந்தது. பெண்களும் பிள்ளைகளும் சாக்குச் சாக்காகப் பொறுக்கி வருவார்கள். பல நினைவுக்குறிப்புகளில் ஒரே வேடிக்கை திரும்பத் திரும்ப வரும்: புதிதாக வந்தவள் முதலில் இரண்டு குச்சியால் கவ்வி எடுப்பாள், அப்புறம் கந்தல் துணியால், அப்புறம் முந்திக்கச்சையின் ஓரத்தால், கடைசியில் வெறுங்கையால் எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு அதே கையால் மாவு பிசைவாள். 1880களின் நடுவில் காட்டெருமைக் கூட்டமே இல்லாமல் போய்விட்டது. பிறகு மாட்டுச்சாணம், சோளத்தக்கை, முறுக்கிக் கட்டிய வைக்கோல். வைக்கோல் படபடவென்று எரிந்து தீர்ந்துவிடும். ஒருவர் அடுப்பருகிலேயே உட்கார்ந்து முறுக்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் துணி துவைக்கும் நாள் ஏன் அவ்வளவு பயங்கரம் என்பது விளங்கும். பொதுவாகத் திங்கட்கிழமை. தண்ணீரை இறைத்து, சாணத்தில் சூடாக்கி, சாம்பல்நீரும் பன்றிக்கொழுப்பும் சேர்த்துக் காய்ச்சிய சோப்பைச் சீவிப் போட்டு, வெள்ளைத் துணிகளைக் கொதிக்கவிட்டு, பலகையில் தேய்த்து, இரண்டு முறை அலசி, நீலம் போட்டு, கையால் முறுக்கிப் பிழிய வேண்டும். உப்பும் காரமும் கலந்த கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. குளிர்காலத்தில் கொடியில் போட்ட துணி பலகைபோல விறைத்துக்கொள்ளும். சோப்பில் விரல் வெடித்து ரத்தம் வருவது பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். இதே கையோடு மறுநாள் இஸ்திரி.

சாப்பாடு சுருக்கமாக: சோளமாவு, உப்புக்கண்டமாக்கிய பன்றிக்கறி, கரும்புப்பாகு, காட்டுப்பிளம், காப்பிக்கொட்டை வாங்க முடியாதபோது வறுத்த ரை தானியம் அல்லது பார்லி. முக்கியமான விஷயம் சாப்பாட்டில் இல்லை, வெண்ணெயிலும் முட்டையிலும் இருந்தது. கோதுமை விற்ற காசு வருடத்துக்கு ஒரு முறை வரும். வந்ததும் ஏருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் வாங்கிய கடனுக்கு அப்படியே போகும். வாராவாரம் உள்ளே வந்தது பெண் கடைந்த வெண்ணெயும் அவள் வளர்த்த கோழியின் முட்டையும்தான். பால் ஏடு எடுத்துக் கடைந்து, மோர் வடியும்வரை கழுவிப் பிசைந்து, உப்புப் போட்டு மர அச்சில் அழுத்தி, கெடாமல் இருக்க வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் தொங்கவிடுவாள். கடைக்காரர் அதை எடைபோட்டுக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு சர்க்கரை, மண்ணெண்ணெய், சீட்டித்துணி கொடுப்பார். பயிர் பொய்த்த வருடங்களில் குடும்பத்தைக் காப்பாற்றியது இந்தக் கணக்கு. பெண்களின் பங்கு என்ன என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே வரியில் பதில் கேட்டால் வீரதீரக் கதைகளை விட்டுவிட்டு இந்த வெண்ணெய்க் கணக்கைத்தான் காட்டுவேன்.

மனநிலை பற்றிய கேள்விக்குப் போகும் முன் ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும். ரேச்சல் கேலாஃப் உக்ரைனில் 1876இல் பிறந்த யூதப் பெண். முன்பின் பார்த்திராத ஒருவரை மணக்க 1894இல் அமெரிக்கா வந்து, வடக்கு டகோட்டாவின் டெவில்ஸ் லேக் பகுதிக்குப் போனார். முதல் குளிர்காலத்தில் எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக 12க்கு 14 அடிக் குடிசையில் கணவன், மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லோரும் ஒன்றாக அடைந்தார்கள். கோழிகளும் கன்றுக்குட்டியும் உடன் இருந்தன. அவரே பிற்பாடு கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் எழுதிவைத்த குறிப்பில், இருட்டில் உட்கார முடியாமல் களிமண்ணைக் குழித்துக் கந்தலைத் திரியாக்கி வெண்ணெய் ஊற்றி விளக்கு செய்தது வருகிறது. புல்லுக்குள் முளைத்த காளானை முதலில் தான் தின்று பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபின் காட்டுப்பூண்டோடு வெண்ணெயில் வதக்கி எல்லோருக்கும் பரிமாறியதும் வருகிறது. ஒன்பது பிள்ளைகள் பெற்றார். முதல் பிரசவத்துக்குப் பிறகு, குழந்தையைப் பிசாசு கொண்டுபோகப் பார்க்கிறது என்று மாமியார் ஏற்றிவிட்ட பயத்தில் கொஞ்ச காலம் நிலை தடுமாறியதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இது ‘பிரெய்ரிப் பைத்தியம்’ என்று சொல்கிறார்களே, அதுவா? இங்கேதான் உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரிக்க வேண்டும். தனிமை உறுதி. 160 ஏக்கர் என்பது அரை மைலுக்கு அரை மைல் சதுரம். ஒவ்வொருவரும் தத்தம் நிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஐரோப்பியக் கிராமத்தில் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு இது பெரிய அடி. 1893இல் அட்லாண்டிக் மாத இதழில் ஸ்மாலி என்பவர், புதிய பிரெய்ரி மாநிலங்களில் மனநோய் கவலைக்குரிய அளவில் இருக்கிறது, குறிப்பாக ஸ்காண்டிநேவியர்களிடம், என்று எழுதினார். இந்தப் பேச்சு பரவ அந்தக் கட்டுரை ஒரு முக்கியக் காரணம். அவர் பத்திரிகையாளர், எண்ணிக்கை சார்ந்த சான்று அதில் இல்லை. 1932இல் ஓடெகோர் என்ற நார்வே மனநல மருத்துவர் மினசோட்டாவுக்குக் குடியேறிய நார்வேக்காரர்களின் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தார். உள்ளூரில் பிறந்தவர்களையும் நார்வேயிலேயே இருந்தவர்களையும்விட அவர்களிடம் தீவிர மனநோய் அதிகம் இருந்தது. ஆனால் அவர் அதற்குப் புல்வெளியைக் குறை சொல்லவில்லை. அந்தப் போக்கு உள்ளவர்களே அதிகம் நாட்டை விட்டுக் கிளம்புகிறார்கள் என்று கருதினார். 2022இல் வந்த ஓர் ஆய்வு ஒலியை எடுத்துக்கொண்டது. பின்னணி இரைச்சலே இல்லாத சமவெளியில் சின்னச் சின்னச் சத்தங்களும் காதில் தனித்து விழுந்து மனதை அலைக்கழித்திருக்கலாம் என்கிறது. ‘இருக்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. என் கருத்தைக் கேட்டால், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, குழந்தைச் சாவு, கடன், மொழி தெரியாமை என்று இன்று நாம் தனித்தனியாகப் பெயர் சொல்லும் பலவற்றை அன்று ஒரே பெயரில் அடைத்துவிட்டார்கள். ரேச்சலின் சிக்கல் தனிமையே இல்லை. ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்க முடியாத குடிசை அவருடையது.

இயற்கை கொடுத்த அடிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 1874 கோடையில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் கான்சஸ், நெப்ராஸ்கா, டகோட்டா மேல் இறங்கின. தோட்டத்தைக் காப்பாற்றப் பெண்கள் மெத்தை விரிப்புகளை எடுத்துச் செடிகள் மேல் போர்த்தினார்கள். பூச்சிகள் விரிப்பைத் தின்றுவிட்டுச் செடியையும் தின்றன. வெங்காயம் மண்ணுக்குள்ளேயே காலியாகி, தரையில் குழி மட்டும் இருந்தது. வெட்டுக்கிளியைத் தின்ற கோழியின் கறியும் முட்டையும் வாயில் வைக்க முடியவில்லை என்பதால் வெண்ணெய், முட்டைக் கணக்கும் அந்த வருடம் படுத்துவிட்டது. உரிமை போகாமல் நிலத்தை விட்டுத் தற்காலிகமாக வெளியேறி இருக்க நாடாளுமன்றமே அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது, 1888 ஜனவரி 12 பனிப்புயல். காலையில் இதமாக இருந்த நாள், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் திரும்பியது. 235 பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நெப்ராஸ்காவின் மைரா பள்ளத்தாக்கில் மினி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை, பள்ளியின் கூரை பிய்த்துக்கொண்டு போனதும், பிள்ளைகளை அருகிலிருந்த பண்ணைவீட்டுக்குப் பத்திரமாகக் கொண்டுசேர்த்தார். இது உறுதி. எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்துப் போனார் என்பது பின்னால் பத்திரிகைகளில் பெருத்த கதையாக இருக்க வாய்ப்பு அதிகம். பிள்ளைகளின் எண்ணிக்கைகூடச் சொல்பவருக்கு ஏற்ப மாறுகிறது.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அது யார் நிலம்? எலிசபெத் கோரி பதிந்த பகுதி, சூ என்ற பூர்வகுடியினருக்கு ஒதுக்கியிருந்த பெரிய நிலப்பரப்பை 1889இல் உடைத்த பிறகு குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன் அது சூ இனத்தின் ஒரு பிரிவான லகோட்டா மக்களுடையது. நெப்ராஸ்காவின் பாவ்னி என்ற பூர்வகுடி மக்கள் 1870களில் தெற்கே விரட்டப்பட்டார்கள். மிசூரி ஆற்றங்கரையில் ஹிடாட்சா பூர்வகுடிப் பெண்கள் பல தலைமுறைகளாகச் சோளம், பீன்ஸ், பூசணி, சூரியகாந்தி பயிரிட்டு வந்தவர்கள். அங்கே தோட்டமே பெண்களுடையது. பிரெய்ரியின் முதல் பெண் விவசாயி என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அவர்களைத்தான் சொல்ல வேண்டும். குடியேறியவர்கள் எல்லோரும் வெள்ளையர் என்பதும் தவறு. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பினக் குடும்பங்கள் 1877இல் கான்சஸில் நிக்கோடிமஸ் என்ற ஊரை நிறுவின. அடுத்த வருடம் கென்டக்கியிலிருந்து வந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று கணவரிடம் கேட்டிருக்கிறார். அவர் தரையிலிருந்து எழும் புகையைக் காட்டினாராம். மக்கள் நிலத்தைக் குடைந்த குழிவீடுகளில் இருந்தார்கள். புகை அங்கிருந்துதான் வந்தது. அதைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அழுதுகொண்டே திரும்பிப் போகவில்லை. அந்தக் குடும்பம் அந்தப் பகுதியிலேயே பல வருடங்கள் தங்கியது.

எத்தனை பேர் தோற்றார்கள் என்பதும் இன்னும் வாதத்தில் இருக்கிறது. மொத்தம் சுமார் 16 லட்சம் பேருக்கு 27 கோடி ஏக்கர் போனது என்பது அரசுக் கணக்கு. பதிந்தவர்களில் பாதிக்கு மேல் தோற்றார்கள், மோசடி மலிந்திருந்தது என்றுதான் நானும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். பாடப்புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. நெப்ராஸ்காவின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்த சமீபத்திய ஆய்வாளர்கள், அங்கே வெற்றி பெற்றவர்கள் நினைத்ததைவிட அதிகம், மோசடி குறைவு என்கிறார்கள். வறண்ட மேற்குப் பகுதிகளுக்கு அது பொருந்துமா என்பது வேறு விஷயம்.

கேள்வி கேட்டவர் இதை வைத்துக் கதை எழுதும் எண்ணம் இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தார். அப்படியானால் நாவல்களுக்கு முன் நிலக்கோப்புகளைப் பாருங்கள். அமெரிக்க நில நிர்வாகத் துறையின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் நிலப்பத்திரத்தின் படம் இலவசமாகக் கிடைக்கும். அதன் எண்ணை வைத்து வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுக்கோப்பின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு. கோப்பில் இறுதிச் சாட்சியப் படிவம் என்று ஒன்று இருக்கும். வீட்டின் அளவு என்ன, எத்தனை ஏக்கர் உழுதாய், குடும்பத்தில் யார் யார், எப்போதெல்லாம் நிலத்தை விட்டுப் போனாய், ஏன் போனாய் என்று கேட்டிருப்பார்கள். கல்யாணமான பெண்ணைப் பெயர் போட்டுத் தேடினால் வரமாட்டாள். புருஷன் பெயரில் உள்ள கோப்பை எடுத்து, அவன் கூலி வேலைக்குப் போன மாதங்களைப் பற்றிய பதிலைப் படியுங்கள். அந்த மாதங்களில் நிலத்தில் யார் இருந்தார்கள் என்று அடுத்த வரியில் எழுதியிருப்பான்.